கதவுக்காரி

இருபத்தாறு ஆட்டம்.
ஒவ்வொன்றுக்கும் முழு உடுப்பு:
கால்களில் பலகை அகலத்தில் பட்டைகள்,
நெஞ்சில் கவசம், மடியில் முகமூடி.
யுத்தத்துக்குப் போகிறவளின் உடுப்பு.
செய்த வேலை, கதவு திறப்பது.

வாங்கின் இடக்கோடியில் இடுப்பளவுக் கதவு.
முழங்கையால் இடித்தால் திறக்கும் என்பார்கள். பொய்.
எங்கள் தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் கள்ளம்.
தூக்கி, உன் பக்கம் ஒரு விரற்கடை இழுத்து,
பிறகு விடவேண்டும்.
சட்பெரியில் இது தெரிந்தவர் இருவர்,
நானும்
பனித்தளம் மெழுகும் வண்டியோட்டி ரெய்யோவும்.

நாற்பத்தைந்து விநாடிக்கு ஒருதரம்
மூச்சு முடிந்து ஒருத்தி வருவாள்
மூச்சு நிரம்பி ஒருத்தி போவாள்.
பிந்தித் திறந்தால் பனியில் நால்வர்.
முந்தித் திறந்தால் அறுவர்;
அறுவர் என்றால் தண்டனை.

வலையின் வாயில் காக்கத்தான் என்னை எடுத்தார்கள்.
வாயில் என்றால் கதவும்தானே
என்று எனக்குள் சொல்லிச் சிரித்தேன், ஒக்டோபரில்.
நவம்பரில் சிரிக்கவில்லை.

முதல் ஏழும் தோல்வி.
ஜோஸியான் பிரெஞ்சில் வைதுகொண்டே உள்ளே வருவாள்,
வைததன் மிச்சத்தை அடுத்த முறை
வெளியே போகும்போது முடிப்பாள்.
மனிற்றூலின் தீவுக்காரி ஷைலின்
உதட்டில் நாலு தையலோடு வந்து குந்தி
அக்காவின் கலியாணப் படத்தில் தெரியுமா என்று
என்னைத்தான் கேட்டாள்.
தெரியாது என்றேன். தெரியும்.

டிசம்பரில் பரி சவுண்டுக்கு இப்பால்
நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
பஸ்ஸுக்குள் இருபத்திரண்டு பெண்கள்,
ஒரே ஒரு உயிரிரசாயனப் புத்தகம்.
பக்கம் பக்கமாய்க் கைமாறியது, விடியும்வரை.

அம்மா ரொறன்ரோவிலிருந்து கேட்பா:
‘இண்டைக்கு விளையாடினனியோ?’
‘ஓம், ஆட்டம் நடந்தது.’
பொய்யில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஒன்றுக்குப் பூச்சியம்.
ஐலா நாற்பத்தொரு பந்தைத் தடுத்தாள்.
பந்தில்லை, வட்டு. அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி
எனக்கும் பந்தாகிவிட்டது.
கத்திக் கத்தி
மூன்று நாள் எனக்குத் தொண்டை இல்லை.

கடைசி ஆட்டம் வின்சரில்.
வென்றால் அடுத்த சுற்று.
இரண்டுக்கு இரண்டு. பதினொரு நிமிடம் மிச்சம்.
வலக்கம்பத்துக்குக் கால் நீட்டிய ஐலா
எழும்பவில்லை.
தோடு தொலைத்தவள்போல
பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோச் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
தாடையால் தளத்தைக் காட்டினா.
எழுந்தேன். கதவுக்கு முன் நின்றேன்.
நின்றுகொண்டே இருந்தேன்
யாரோ திறப்பார்கள் என்று.

வின்சர்த் தாழ்ப்பாள் நேர்மையானது.
தொட்டதும் விட்டது.

ஒன்பது அடிகள் வந்தன.
முதலாவது முகமூடியில்,
குசினியில் அண்டா விழுந்த சத்தம்.
அதன்பிறகு பயம் இல்லை, நேரமும் இல்லை.
எட்டைத் தடுத்தேன்.
ஒன்பதாவது என் கால்களுக்கிடையே போனது.
அவ்வளவு பெரிய இடைவெளியும் இல்லை.
திறந்துவிட்டுப் பழக்கம்.

ஒரு நிமிடம் இருபது விநாடி இருக்க
கோச் கை காட்டினா: வா.
வலையை வெறுமையாய் விட்டு வா,
உனக்குப் பதில் அடிக்க ஒருத்தி.
என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாய்ச் சறுக்கியதில்லை,
ஓடியது விட்டுவிட்டு வரத்தான்.

கதவு திறந்திருந்தது.
தொடையில் ஐஸ் பையைச் சுற்றிக்கொண்டு
ஐலா, கை தாழ்ப்பாளில்.
ஒரு கணம் முந்தவில்லை, பிந்தவில்லை.
ஜோஸியான் என்னை உரசிப் பாய்ந்தாள்.

ஷைலின் அடித்தது கம்பத்தில் பட்டது.
இரும்பு சொன்னதை அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஒன்பது வெற்றி, பதினேழு தோல்வி.
பேரி தாண்டும்வரை எவரும் பேசவில்லை.
பிறகு பின்னிருக்கையில் யாரோ
சிப்ஸ் பைக்கற் ஒன்றைக் கிழித்தார்கள்,
எல்லாக் கையும் நீண்டது.

ஐந்து மணிக்குச் சட்பெரி. கறுத்த பாறைகள்,
நிக்கல் ஆலை விளக்குகள்.
பஸ் நின்றது.
நான்தான் முதலில் எழும்பினேன்,
கையை நீட்டியபடி.
கதவு தானாகத் திறந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை.