வடிகால் வரை

இந்த ஊரில் வெயிலைத் தேடி
யாரும் போவதில்லை.
புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம்,
நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசல்,
வழி நெடுகக் கூரை.
நேற்றுத்தான் முதன்முறையாக
நாங்கள் நான்கு பேர்
கூரைக்கு வெளியே வந்து நின்று
எங்கே வெயில், எங்கே வெயில் என்று
அண்ணாந்து பார்த்தோம்.

உடம்பு, மைலோ பெட்டி.
சக்கரம், சோயாப்பால் போத்தல் மூடிகள்.
அச்சு, சாத்தே குச்சி:
இன்சிராவின் அப்பா கடையிலிருந்து வந்தது,
கழுவியும் போகாத கடலை வாசம்.
தகடு மட்டும் பள்ளிக்கூடத்துச் சொத்து.
"தொலைத்தால் சூரியனுக்கு நீங்களே பதில் சொல்லணும்"
என்றார் மிஸ் ஓங்.

முதல் ஓட்டத்தில் பின்னால் போனது.
நேரே யுகேந்திரனின் காலணியில்
முட்டிக்கொண்டு நின்றது.
சிவப்புக் கம்பி கறுப்பில், கறுப்பு சிவப்பில்.
"ஐயையோ, ரிவர்ஸ் கியர்!" என்று
வலைப்பந்துக்கு வந்த தொடக்கநிலை ஐந்து
விழுந்து விழுந்து சிரித்தது.
காய் ஷுவான் சிரிக்கவில்லை.
நாக்கைக் கடித்துக்கொண்டு
கம்பிகளைப் பிரித்து மாற்றி முறுக்கினான்.

இப்போது ஓடியது.
ஓடியது என்றால்,
எறும்பு பார்த்தால் ஒதுங்கும், அவ்வளவு வேகம்.
நாங்கள் விடுவோமா?
குனிந்தோம், கூடவே நடந்தோம்,
போ போ போ என்றோம்.
நின்றுவிட்டது.
நிமிர்ந்தோம், நகர்ந்தது.
குனிந்தோம், நின்றது.
மூன்று முறை இப்படி ஆனபிறகு
இன்சிராதான் கண்டுபிடித்தாள்:
தகட்டின் மேல்
எங்கள் நான்கு தலைகளும் கறுப்பாகக் கிடந்தன.

அதன்பின் தள்ளி நிற்பதுதான் வேலை.
கம்பி முறுக்குவதைவிடக் கஷ்டம் அது.
யுகேந்திரன் தலைமையாசிரியர் போல
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.
நேரக்கருவி என்னிடம்.
மூன்று மீட்டர் நாற்பது,
பத்தொன்பது வினாடி.
இரண்டு முறை எழுதி இரண்டு முறை அழித்தேன்,
கை நடுங்கியதால்.

மூன்றாம் ஓட்டத்துக்குக் கோடு போடும்போதே
ஜொகூர் பக்கமிருந்து மேகம் ஏறி
செம்பவாங் முழுவதும் சாம்பலானது.
பாதி வழியில் கார்
எதையோ மறந்துவிட்டாற்போல் நின்றது.
மின்னல் எச்சரிக்கை நீளமாக ஊதியது.
"எல்லாரும் உள்ளே! காரை விடுங்க, உள்ளே!"
விட்டோம்.

மறுபடி கூரை. தூணோரம்
மழைக்காகக் காத்திருந்தோம்.
மழை வரவில்லை.
மேகத்தில் எங்கோ ஒரு கிழிசல்,
சதுக்கத்தில் வெயில் பாய் விரித்தது.

கார் புறப்பட்டது.
யாரும் தொடவில்லை,
யாரும் போ என்று சொல்லவில்லை.
நாங்கள் போட்ட கோட்டைத் தாண்டி,
கூடைப்பந்து வட்டத்தைத் தாண்டி,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து
(ஒரு மூடி எப்போதுமே கோணல்)
வடிகால் கம்பிவலையில் போய்
மெல்ல முட்டியது.
முட்டிய பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் நேரக்கருவியை அழுத்தவே இல்லை.

"அளக்காதது கணக்கில் சேராது" என்றார் மிஸ் ஓங்,
ஆனால் தாளைத் திரும்ப வாங்கவில்லை.
காய் ஷுவான் பென்சிலை எடுத்தான்.
நேரம்: தெரியாது.
தூரம்: வடிகால் வரை.
குறிப்பு என்ற கட்டத்துக்கு
நால்வரும் சண்டை போட்டோம்.
கடைசியில் எழுதியது:
அப்போது நாங்கள் பக்கத்தில் இல்லை.