இருபதாவது சீட்டு

முன்வாசலில் நின்றால் போனில் தமிழ்நாடு.
பின்பக்கம் துணி காயப்போடப் போனால்
ஆந்திரா வரவேற்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி.
ஆரம்பாக்கத்தில், தண்டவாளத்துக்குக் கிழக்கே
பதினோரு அறை வரிசை வீட்டில்
தண்ணீர் கேன் போடுகிறவள் நான்.
சீட்டும் நடத்துகிறேன்.

ஆளுக்கு இரண்டாயிரம், இருபது பேர்.
தடாவிலிருந்து ரவணம்மா,
மீன் வெட்டும் கோட்டீஸ்வரி,
தையல் மிஷின் ஷம்ஷாத்,
செல்போன் கம்பெனிக்குப் போகிற எட்டுப் பெண்கள்.
யேசுபாதம் ஒருவன்தான் ஆண்,
அவனுக்கும் அம்மாதான் கட்டுகிறாள்.

பத்தொன்பதில் நின்றிருந்தது.
ஜுனு பெஹரா வந்தாள்,
இரண்டாயிரத்தை நாலாய் மடித்துப் பிடித்து.
"யார் ஜாமீன்?"
கேட்ட வாய் என்னுடையதுதான்.
போன சீட்டை எடுத்துக்கொண்டு ஓடியவள்
ஒடிசாக்காரி இல்லை,
என் சித்தி மகள் பூங்காவனம்.
அவளுக்கு யாரும் ஜாமீன் கேட்கவில்லை.
அவள் மூக்கு என் மூக்கு மாதிரி இருந்தது, போதும்.

வேறு ஆள் கிடைக்காமல்தான் இவளைச் சேர்த்தேன்.
பெரிய மனசு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

முதல் மாதம் நடத்துகிறவளுக்கு.
இரண்டாம் மாதம் குலுக்கல்.
அவரவர் பெயரை அவரவர் எழுதி
டிபன் பாக்ஸில் போட்டார்கள்.
ஷம்ஷாத்தின் சின்னது கைவிட்டு ஒன்று எடுத்தது.
பிரித்தேன்.
வாசிக்கத் தெரியவில்லை.
ரவணம்மாவிடம் நீட்டினேன். "தெலுகு காதம்மா."
தாள் கை மாறிக் கை மாறிப் போனது.
ஒருத்திக்கும் வாசிக்கத் தெரியவில்லை.
அதனாலேயே
யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"குழந்தைதானே எடுத்தது, இன்னொரு தரம் குலுக்கலாமே"
கோட்டீஸ்வரி சொன்னாள், கூரையைப் பார்த்து.
ஹவுரா போகிற வண்டி அந்த நேரம் பார்த்துக் கூவியது.
இன்னும் பதினெட்டு மாதம் கட்ட வேண்டும் அவள்.
ஓடுவதற்கு ஒரு ராத்திரி போதும்.
என் விரல் அந்தத் தாளைத் திரும்பச் சுருட்டுவதை
நான் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
"கடைசியில எடுத்துக்கறேன் அக்கா" என்றாள்,
பாதி இந்தியில், பாதி தமிழில்.
அதுதான் எனக்கு ஆத்திரம்.
எண்ணிக் கொடுத்தேன். ஐந்நூறாக, எண்பது தாள்.

நான்காம் மாதம் ஐந்தாம் தேதி
அவள் அறையில் பூட்டு.
மதியம் பார்த்தேன். மாலை பார்த்தேன்.
கேன் இறக்குகிற சாக்கில் ஜன்னல் வழியாகவும்.
கொடியில் துணி இல்லை.
இரவு, காலி கேன் ஒன்றைக் கவிழ்த்து
கொசுவோடு உட்கார்ந்தேன்.
பதினொன்றே காலுக்குக் கம்பெனி பஸ் நின்றது.
இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த காலோடு இறங்கினாள்.
என்னைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சாவி திருப்புகிற சத்தம்
அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை,
கெடுவுக்கு நாலு நாள் முன்னால், பணம் வந்துவிட்டது.
அந்த நாலு நாளும்
கல்லாவில் கிடந்து என்னை உறுத்தியது.

நோட்டில் அவள் வரியில் அதுவரை
'ஒடிசா' என்றுதான் எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு, பேனாவை அவளிடம் கொடுத்தேன்.
வட்டம் வட்டமாய் எழுதினாள்.
"மா எழுத்துக்குப் பங்காளி மாதிரி இருக்கே"
ரவணம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
கோட்டீஸ்வரி பார்க்கவில்லை.
தன் பணத்தை இன்னும் தனி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் தருகிறாள்.

பதினாறு மாதம் பாக்கி.
முதல் எழுத்து மட்டும் எனக்கு இப்போது தெரியும்.
நேற்று ஜுனு கேட்டாள்,
அடுத்த சீட்டுக்கு ஒருத்தியைக் கூட்டி வரலாமா என்று.
பீகார்க்காரி, பெயிண்ட் கம்பெனி.
"யார் ஜாமீன்?" என்றேன், வாய்ப்பழக்கம்.
"நான்" என்றாள், சிரிக்காமல்.
நோட்டைப் புரட்டினேன்,
இடம் இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி.