கேட்பது

பேட்டைப் பட்டறையில் இரவு பதினொன்றரை.
டேஷ் திரை கேட்டது: எவ்வளவு சூடு?
அதே நொடியில் லேப்டாப்பும் கேட்டது.
குழம்பிப்போன இன்ஜின் கம்ப்யூட்டர்
ஏதோ உளறியது.
திரையில் மைனஸ் நாற்பது.

"திருநெல்வேலியிலயா?" என்றேன்,
பனியனைப் பிழிந்துகொண்டே.

ஜெபக்கனி சிரிக்கவில்லை.
டார்ச்சைப் பல்லில் கவ்வி
லேப்டாப்பிலிருந்து போகும் கம்பியை
நறுக்கினாள்.
வரும் கம்பியை மட்டும்
டேஷுக்கு வருவதோடு முறுக்கி
ஈயம் வைத்தாள்.
"இனி இது கேள்வி கேக்காது.
கேக்க மட்டும் செய்யும்."

நாங்குநேரி ரோடு, மூன்றாவது கியர்.
திரையில் தொண்ணூற்று நாலு.
அவள் மடியிலும் தொண்ணூற்று நாலு.

"அந்த வேலைக்கு…" என்று
ரெண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்தோம்.
மூன்றடைப்பு தாண்டியது.

இந்தத் தடவை
என் கம்பியை நான் நறுக்கிக்கொண்டேன்.