முதலைக்கு மேலே

தை செங்கில் ஆறாவது மாடி.
இரவு முழுக்கப் பதினெட்டு பாகைக் குளிர்,
சீருடைக்கு மேல் கம்பளிச் சட்டை, காதில் பஞ்சு.
இரும்பு அலமாரிகளுக்குள்
ஊரார் சேர்த்துவைத்ததெல்லாம்
விசிறிக் காற்றில் முனகிக்கொண்டிருக்கும்.
விளக்குகள் பச்சையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.
இருக்கும்.
ஆகவே இரண்டு மணிக்கு மேல்
வலைத்தளம் வலைத்தளமாகச் சந்து புகுந்து போவேன்.

போன வாரம் அகப்பட்டவருக்கு முகமில்லை, பெயரில்லை.
சித்திரக்கதைகளில் வரும் குதிரைகளை மட்டும் எண்ணியிருக்கிறார்.
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
அதில் மூன்றுக்கு ஐந்து கால்.
ஓரிடத்தில் பேச்சுக்குமிழி இடம் மாறி அச்சாகி,
குதிரை சொல்கிறது:
"கையைத் தூக்கு, நகர்ந்தால் சுட்டுவிடுவேன்!"
ஷெரீப் கனைக்கிறார்.
நான் சிரித்த சத்தத்தில் ஹஃபீஸ் எட்டிப் பார்த்தான்.
விளக்க முயன்றேன்.
மலாயில் அந்தக் குதிரை பேச மறுத்துவிட்டது.

இன்னொருவர் ஒலி சேர்ப்பவர்.
'படார்' எழுபத்தாறு, 'டமால்' அதைவிட அதிகம்,
'தொபுக்கடீர்' கிணறு இருந்தால் மட்டும்.
'ணங்' ஒன்றே ஒன்று.
பாத்திரமல்ல, வில்லனின் மண்டை.
இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று
பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியவள் நான்.
இவர் பிரித்து வைத்திருக்கிறார்:
இடப்பக்கம் ஒரு 'சல', வலப்பக்கம் ஒரு 'சல',
நடுவே ஆறு.

அப்புறம்தான் அந்தத் தளம்.
சாம்பல் பின்னணி. எதையும் விற்கவில்லை.
'தொடரும்' என்று முடிந்து
தொடராமலே போன கதைகளின் கடைசிக் கட்டங்கள்.
காகித விலை ஏறியிருக்கலாம்,
அச்சகத்தைப் பூட்டியிருக்கலாம்,
வரைந்தவருக்கே அலுத்திருக்கலாம்.
கதவுப் பிடியில் ஒரு கை, யாருடையதோ.
ஒரு பெண் தந்தியைப் பிரிக்கிறாள்,
பிரித்துக்கொண்டே இருக்கிறாள்.
நூற்றுப் பதினொன்றாவது:
முதலைகளுக்கு மேலே கயிற்றில் ஒரு மனிதர்.
மூன்று புரியில் இரண்டு அறுந்தாயிற்று.
1983. நான் பிறக்கவே இல்லை.
அவர் தொப்பி விழுந்துகொண்டிருக்கிறது,
இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.
கீழே ஒரே வரி:
"தெரிந்தவர்கள் சொல்லவும். பிழைத்தாரா?"

நாலு பத்துக்குப் பதினேழாம் அலமாரியில் ஆரஞ்சு விளக்கு.
ஒரு வட்டு செத்துக்கொண்டிருந்தது.
உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்,
கேட்கவும் கூடாது.
வங்கிக் கணக்கு. யாருடையதோ கல்யாணக் காணொளி.
அந்தக் கயிறு.
இருக்காது, அது ஐஸ்லாந்தில் எங்கோ இருக்கும்.
ஆனாலும்
தூங்கும் பிள்ளையின் அடியிலிருந்து துணியை உருவுவதுபோல
அதை உருவினேன்.
புது வட்டு உள்ளே போனதற்கு ஒலி 'ணங்' அல்ல,
ஒரு சின்னக் 'களுக்'.
படியெடுக்க மூன்று மணி நேரம் என்றது திரை.
உட்கார்ந்திருக்கலாம்.
பத்து விழுக்காடு வரை நின்றேன்.

ஏழரைக்கு ஏட்டில் எழுதினேன்:
வட்டு மாற்றம். நிலை சீர்.
'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுத எதுவுமில்லை,
ஒரு முதலை வரைந்தேன், வாயை மூடி.
"பல்லியா?" என்றான் ஹஃபீஸ்.

கோப்பி ஓ பையில் சுட,
வட்ட ரயிலில் உட்கார இடமில்லை,
கைப்பிடியைப் பற்றித் தொங்கினேன்.
பார்ட்லி வருமுன் ஒரு குலுக்கல்.
முன்னால் நின்றவரின் தொப்பி நழுவியது,
தரையைத் தொடுமுன் பிடித்துவிட்டேன்.
நன்றி என்றார்.
பதில் சொல்லாமல்
வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்திருக்கிறேன் போல,
சிராங்கூனில் இறங்கி
அடுத்த பெட்டிக்கு ஓடினார்.