பாலிஷ்

அறுபதாம் நம்பரில் தொடங்குவோம்.
பிறகு நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு.
எண் ஏற ஏற நைசாகும்.
மூவாயிரத்தைத் தாண்டி பஃப் போட்டால்
கருங்கல் பலகையில்
என் மூக்கு மயிர் வரைக்கும் தெரியும்.
ஜெகதேவியில் இருபத்தாறு வருஷம்.
பளபளப்பைக் கல்லின்மேல் யாரும் பூசுவதில்லை,
கல்லைத் தின்றுதான் எடுக்கிறோம்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி. டோக்கன் எழுபத்தொன்று.
"திம்மராயப்பன் யாருங்க?"
நான் பெஞ்சைப் பிடித்து எழுவதற்குள்
எழுபத்திரண்டு உள்ளே போய்விட்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெயிலில் பிடித்தார்.
"வெளிப்பக்கம் இடைவெளி இருக்கு பாருங்க.
உள்பக்கம் இல்ல."
இடைவெளி என்றால் காலியிடம் இல்லையாம்.
படத்தில் விழாத குருத்தெலும்பு அங்கே இருக்கிறதாம்,
எனக்கு, இருந்ததாம்.
"நீங்க தேய்க்கிற எந்தக் கல்லவிடவும் வழுவழுப்பு" என்றார்.
எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.

அதற்கு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது.
நடக்க நடக்கப் பஞ்சுபோல் அமுங்கி விரிந்து
மூட்டுநீரைக் குடித்துப் பசியாறும்.
அதனால் தேயும்போது சத்தம் போடாது.
மேற்பரப்பு சிலும்பி, வெடிப்பு ஓடி,
துணுக்குகள் நீரில் மிதந்து,
உள்சவ்வு கோபித்துக்கொண்டு வீங்கி,
ஓரத்து எலும்பில் முள் முளைத்து,
அதற்கப்புறம்தான் ஆளுக்கே தகவல் வரும்.
"வெறும் தேய்மானம்னு நினைக்காதீங்க.
ரிப்பேர் பண்ற செல்லே
கலவை தப்பாப் போட்டுப் பூசுது."

"கடைசியில?"

"எலும்பும் எலும்பும் உரசி
தந்தம் மாதிரி மின்னும்."

"பாலிஷா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
"பாலிஷ்தான்."

என் கால்சட்டைக்குள்
தண்ணீர் விடாமல் யாரோ நானூறாம் நம்பரை
ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டிவியில் வந்த பவுடர், நாலு டப்பா, தீபாவளி போனஸ்.
பர்கூர் சந்தைத் தைலம்.
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.
தேய்ந்ததை வளர்க்கிற மருந்து
தன்னிடம் இல்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார்.
எட்டு கிலோ குறைக்கணும். வலிக்குக் களிம்பு.
வீக்கம் முற்றினால் ஊசி, அது சில வாரத் தவணை.
மாற்று மூட்டு வைக்கலாம், காப்பீட்டு அட்டை இருக்கிறது,
உலோகமும் பிளாஸ்டிக்கும், ஆனால்
"அதுவும் ஒருநாள் தேயும்.
ஐம்பத்துமூணுதானே, தள்ளிப்போடுவோம்."

"முட்டி தேஞ்சிருக்கு, தொப்பை தேயலியே"
என்றாள் கெம்பம்மா, டாக்டர் முன்னாலேயே.

பக்கத்து அறையில் ஷபானா மேடம்
துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்தார்.
"அழுத்துங்க. பத்து எண்ணுங்க. விடுங்க."
"இவ்வளவுதானா?"
"மூணு மாசம் செய்ங்க, அப்புறம் கேளுங்க."
தொடைச்சதை பலப்பட்டால் முட்டி சுமப்பது குறையுமாம்.

இப்போது மதியம், மெஷின் நிற்கும் அரைமணி.
பட்டறைத் தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
எதிரே சாய்த்து வைத்த கருப்புப் பலகை,
ஏதோ ஒரு நாட்டுக் கல்லறைக்கு.
பெயர் இன்னும் வெட்டவில்லை.
அதற்குள் ஒரு தொப்பைக்காரன்
துண்டை அழுத்திக்கொண்டு
ஐந்து, ஆறு என்று வாயசைக்கிறான்.

ஏழில் நழுவிவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து.