லைனில் பழுது

மாலை ஏழுக்கு மேல் என் போனில்
பாதிப் பேர் நெட் வரவில்லை என்பார்கள்.
மீதிப் பேர்
நெட்டை நிறுத்தச் சொல்வார்கள்.

'அண்ணாச்சி, பத்து மணிக்கு நம்ம லைனை மட்டும்
அணைச்சுப் போடுங்க.
பய கேட்டாம்னா
கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கேபிள் அறுந்துட்டுன்னு சொல்லிருங்க.
நான் சொன்னதாத் தெரியாண்டாம்.'

வீரவநல்லூரில் எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு இணைப்பு.
முப்பத்தேழு பெயருக்கு நேரே
நோட்டில் பென்சில் புள்ளி.
அந்த முப்பத்தேழு வீட்டுக்கும்
வருஷம் முழுக்க
கல்லிடைக்குறிச்சியில் அறுந்துகொண்டே இருக்கிறேன்.

பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.
எவ்வளவு என்று தெரியும்.
கன்னடியன் காலில் மடை திறக்கிறவனுக்கு
எந்த வயலில் என்ன பயிர் என்று யார் சொல்வார்கள்?

ஸ்டெல்லா டீச்சர் பொதுத்தேர்வு முடியும்வரை என்றார்.
முடிந்து இரண்டு சாரல் போய்விட்டது.
புள்ளி இருக்கிறது.

வாழைத்தார் லாரி ஓட்டும் பேச்சிக்குட்டி மட்டும் வேறு மாதிரி.
புளியரை செக்போஸ்டில் நின்றுகொண்டு கேட்பார்:
'நம்ம வீட்டுல ஓடுதா?'
ஓடுது, இப்பவும் இழுக்கான், என்பேன்.
கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம்.
'அப்பம் வீட்டுலதான் கெடக்கான்.
ஓடட்டும். அணைச்சிராதீங்க.'

என் வீட்டுக்கு ஒன்பதரை.
ஆவுடைச்செல்வி பதினொன்றாம் வகுப்பு.
ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.
நல்ல பிள்ளை என்று
பில் கட்ட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எதிர்ச்சாரியில் டெய்லர் காஜா முகைதீன் கடை.
எட்டு மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவார்.
அவர் லைன்
ஒன்பது நாற்பதுக்கு முழித்துக்கொண்டு
ராத்திரி ஒரு மணிவரை ஓடுவதைப்
பங்குனியில்தான் கவனித்தேன்.
அன்றைக்கே அதையும் அணைத்தேன்.

மாடிப்படியில் காலடி.
தண்ணீர் குடிக்க வந்தவள்போல் செம்பை எடுத்தாள்.
'ஏம்ப்பா, டெய்லர் மாமா கடைக்கும்
கல்லிடைக்குறிச்சிலதான் அறுந்துட்டா?'

ஆமா என்றும் வரவில்லை
இல்லை என்றும் வரவில்லை எனக்கு.

அதற்குள் மேசையில் போன் அடித்தது.
எடுத்தது அவள்.
புள்ளி வைத்த வீடு, பையன் குரல்:
'அங்கிள், நெட்டு கட்டாயிட்டு.'

'கேபிள்லாம் நல்லாத்தான்டே இருக்கு.
உங்கம்மா முழிச்சிருந்தா
அவங்ககிட்டக் கேளு.'

செம்பை அப்படியே வைத்துவிட்டு மேலே போனாள்.
ஒரு வாய் குடிக்கவில்லை.

காலையில் அந்தப் பையனின் அம்மா
வாசலில் வந்து நிற்பாள், சண்டைக்கு.
நிற்கட்டும்.

டெய்லர் கடை லைனைத் திரும்பப் போட்டியளா என்று
பாயிலிருந்தே கேட்கிறாள் என் வீட்டுக்காரி.
அதை மட்டும்
அவளிடமும் சொல்லவில்லை.