அராலிப் பாலம், தை இரண்டாம் ஞாயிறு

றிஸ்மியின் ஆட்டோவில் மூன்று பேர், ஒரு முக்காலி,
அன்ரனிற்றாவின் மடியில் பிளேன்ரீ பிளாஸ்க்.
எனக்குத் தந்த பகுதி: பாலத்துக்குத் தெற்கே
மூன்றாவது மின்கம்பம் தொடங்கிக் கண்டல் பற்றை வரைக்கும்.
அதற்கு அப்பால் பறப்பது
வேறொருவரின் கணக்கு.

காவலரண் சிப்பாய் கடிதத்தை வாசித்தான்.
பைனாகுலரை வாங்கித் தானும் ஒருக்கால் பார்த்து
'ரோஸ பாட்ட' என்று சிரித்தான்.
பதினாறு வயதில் இப்படியொன்று என் கையில் இருந்திருந்தால்
அம்மா அதைக் கிணற்றுக்குள் போட்டிருப்பா.

முதலில் பத்தை எண்ணு என்றார்கள் பயிற்சியில்.
பத்தின் அகலத்தைக் கண்ணில் பிடி,
பிறகு அதைத் தூக்கி அடுத்ததன்மேல் வை.
கூட்டுறவுக் கடையில் பன்னிரண்டு வருடம்
சுண்டைத் தலைவழித்து அரிசி அளந்தவளுக்கு
இது பிடிபட்டது.
பூநாரை நானூற்றுப் பத்துவரை வந்திருப்பேன்,

மீன் லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது.

செட்டைக்குள் ஒளித்திருந்த சிவப்பெல்லாம்
ஒரே தரத்தில் வெளியே வந்து
என் நானூற்றுப் பத்தையும் கொண்டு போயிற்று.
லொறிக்காரனைத் திட்டத் திறந்த வாய்
திறந்தபடியே நின்றது.

இறங்க இருபது நிமிடம்.
திரும்பவும் பத்திலிருந்து.
எனக்கு நானூற்று முப்பது. அவளுக்கு ஐந்நூற்றிரண்டு.
'அந்த ரெண்டு எங்கையிருந்தடி வந்தது?'
'பிந்தி வந்ததுகள்.'
'நடுவில போடுங்கோவன்' என்றான் றிஸ்மி,
'சந்தையில மீனுக்குப் போடுற மாதிரி.'
போடவில்லை.
மூன்றாம் தரம் ஆளுக்கொரு பாதியாய்ப் பிரித்து எண்ணி
நானூற்று எழுபத்தொன்று.
அந்த ஒன்றுக்கு நாங்கள் இருவரும் பொறுப்பு.

இடுப்பளவு தண்ணீரில் இறால் வலை உதறியவர் கேட்டார்:
'எண்ணி ஆருக்குக் குடுக்கப் போறியள்?'
கொழும்புக்கு, அங்கிருந்து எங்கேயோ என்றேன்.
'போன மாசம் எங்கட ஒழுங்கைக்கும் வந்தவங்கள்.
பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் ஸ்ரிக்கர் ஒட்டிப்போட்டுப் போட்டாங்கள்.'
கரையேறி நடந்தார்.
உள்ளான்கள் அவருக்கு வேண்டிய அளவு மட்டும் விலகி
முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டன.
எனக்கு அவை விலகிய தூரம்
அதைப்போல் மூன்று மடங்கு.

மூன்றாவது கம்பத்தடியில் ஒன்று கிடந்தது,
கம்பியில் அடிபட்டு.
கால் இன்னும் நிறம் மாறவில்லை.
படிவத்தில் உயிருள்ளவைக்குத்தான் கட்டம்.
பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
அன்ரனிற்றா பார்த்தாள்.
அழி என்று சொல்லவில்லை.

றிஸ்மிக்கு ஹயர் வந்துவிட்டது.
பஸ்ஸில், முன் சீற்றுத் தலைகளில்
பத்து எங்கே முடிகிறதென்று
கண் தன்பாட்டில் தேடிக்கொண்டிருந்தது.
கொண்டக்ரர் மிச்சக் காசு தந்தார்.
எண்ணாமல் வாங்கிப் பைக்குள் போட்டேன்.